மணக்கோலம் சுமையாகலாமா?



மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன் வந்து நின்றார்கள். அவர்கள் மீது மஞ்சள் நிற நறுமணப் பூச்சின் அடையாளம் தென்பட்டது. இது என்ன என்று பெருமானார் வினவ, அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்துகொண்டதாக அவர்கள் விடை கூறினார்கள். பேரீச்சங்கொட்டையின் எடையளவு பொன்னே மஹர். உயிரினும் மேலாக நேசித்த நபியவர்களைக்கூட அழைக்காமல் ஒரு தோழரின் நிகாஹ் நடந்தேறியிருக்கிறது! அதற்காகப் பெருமானார் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பரக்கத்துக்காக துஆச் செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறு பணித்தார்கள்.

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது, திருமணங்களில் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசு விதித்தது. மண்டபங்கள் மூடிக் கிடந்தன. வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் நிகாஹ்கள் நடந்தன. அந்த எளிமையைக் கண்ட நம் பிள்ளைகளில் சிலர் இன்று தாமாகவே அதனை விரும்புகின்றனர். தென்னந்தோப்பிலோ, பள்ளிவாசல் முற்றத்திலோ, கடற்கரையிலோ நெருங்கிய உறவினர் மட்டும் கூடியிருக்க நிகாஹை முடித்துக்கொள்கிறோம் என்கின்றனர். இதைக் கேட்டதும், "ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று ஊர் பேசாதா?" எனப் பெற்றோர் கலங்குகின்றனர்.

கலங்கத் தேவையில்லை. எளிய நிகாஹ் வேறு. ஒளித்துச் செய்யும் நிகாஹ் வேறு. மணப்பெண்ணின் சம்மதம், இரு சாட்சிகள், ஈஜாப்-கபூல், மஹர் ஆகியவை நிறைவேற வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இன்றி நிகாஹ் செல்லாது. ஹனஃபி மத்ஹபினரும் வலீயின் பங்கை இலேசாகக் கருதுவதில்லை. நிகாஹை நால்வர் அறியச் செய்வதும் நபிவழியே. இவை யாவும் நிறைவேறிவிட்டால், வந்தவர்கள் 20 பேராயினும் 2,000 பேராயினும் நிகாஹ் நிகாஹ்தான்.

ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஆட்களைக் குறைத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஆடைச் செலவைக் குறைத்துக்கொள்வதில்லை. குளிரூட்டப்பட்ட மண்டபத்தின் மேடையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கென்று தைத்த உடையை, வெயிலிலும் காற்றிலும் மணலிலும் நடக்க வேண்டிய மணமக்களுக்கு அணிவிக்கின்றனர். சில வீடுகளில் அந்த உடைக்காகவே வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர். ஹலாலான ஓர் உறவைத் தொடங்குவதற்கு ஹராமான வட்டியில் துணி எடுப்பதா? சிந்திக்க வேண்டாமா?

திறந்த வெளியில் நடந்த திருமணத்துக்கு நம் சரித்திரத்திலேயே சான்று உண்டு. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மணவாழ்வு தொடங்கிற்று. பயணக் கூட்டம் தங்கிய வெட்டவெளியே மணவீடு. அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் மணமகளை அலங்கரித்தார்கள். தோல் விரிப்புகளில் பேரீச்சம்பழமும் உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. ரொட்டியோ இறைச்சியோ இல்லாத வலீமா அது! பயணம் தொடர்ந்தபோது பெருமானார் அவர்கள் தமது மேலங்கியால் ஒட்டகத்தின் மீது இருக்கை அமைத்து, தமது முழங்காலைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். அதில் கால் வைத்து அன்னையவர்கள் ஏறி அமர்ந்தார்கள். அந்த மணமகளின் உடை, ஒட்டகத்தில் ஏறவும் வழி கடக்கவும் இடங்கொடுக்கும் உடையாகத்தானே இருந்திருக்க வேண்டும்? திறந்த வெளி நிகாஹுக்கு உடை தேர்வோர் இதனை மனத்தில் கொள்வது நன்று.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த உடையோடு தொழ முடியுமா?" என்பதே. வெயிலைத் தவிர்க்க, திறந்த வெளி நிகாஹைப் பெரும்பாலும் அஸருக்குப் பின் வைத்துக்கொள்கின்றனர். அடுத்து மஃரிப் வந்துவிடும். முழங்கைக்கு மேல் மடக்க முடியாத இறுக்கமான கை, ருகூவில் குனியவிடாத கனத்த பாவாடை, கலைந்துவிடுமே என்று அஞ்ச வைக்கும் முகப்பூச்சு ஆகியவற்றால் மணநாளன்றே மணமகளின் தொழுகை தவறிவிடுகிறது. கையைத் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். நகப்பூச்சு, ஒளுவின் தண்ணீர் நகத்தைத் தொடவிடாமல் தடுக்கும். மருதாணியின் நிறமோ தடுப்பதில்லை.

இரண்டாவது, வெயிலும் காற்றும். கனத்த சரிகையுடைய காஞ்சிப் பட்டுப் புடவை ஒரு கிலோ எடைகூட வரும். பெண்களுக்குப் பட்டு ஆகுமானதே. ஆயினும் சித்திரை, வைகாசி வெயிலில் அதைச் சுமந்து நிற்பது எளிதன்று. வியர்வை பட்டால் வெள்ளிச் சரிகை கறுத்தும் போகும். மெல்லிய பருத்திப் புடவையோ, பருத்தியும் பட்டும் கலந்து நெய்த புடவையோ உடலுக்கு இதமானது. பாலியெஸ்டர், நைலான் வலைத் துணிகள் வியர்வையை உறிஞ்சுவதில்லை. நெருப்புப் பட்டால் அவை உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். விருந்துக்கு அடுப்பு மூட்டியிருக்கும் இடத்தில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை.

மூன்றாவது, மறைப்பு. கடையின் விளக்கொளியில் கனமாகத் தோன்றும் துணி, மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது உடலின் வடிவத்தைக் காட்டிவிடும். ஆகவே துணியை வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து வாங்குங்கள். தேவையானால் உள்துணி வைத்துத் தையுங்கள். கடற்காற்றில் மெல்லிய முக்காடு நில்லாது. சற்றே கனமான துணியை உள்ளே குல்லாய் வைத்து இரு பக்கமும் ஊசி குத்திக்கொண்டால், மணமகள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி இந்த ஊர்க் காற்றையும் வெயிலையும் அறிந்து உடுத்தியதுதான்.

நான்காவது, நடையும் பயணமும். குதி உயர்ந்த செருப்பு மணலிலும் புல்தரையிலும் புதையும். தட்டையான செருப்பே போதும். புடவையோ நீள அங்கியோ கணுக்காலை மறைத்து, தரையில் புரளாத அளவில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளில் செல்வதாயின் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிவிட்டே ஏற வேண்டும். சக்கரத்தில் துணி சிக்கி உயிரிழந்த பெண்கள் உண்டு. மழை வரக்கூடிய மாதமாயின், துணியின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

மாப்பிள்ளைமாருக்கும் ஒரு சொல். ஆண்களுக்குப் பட்டும் பொன்னும் ஹராம். நான்கு விரல் அகல ஓரப் பட்டு மட்டுமே விலக்களிக்கப்பட்டது. மணநாள் என்பதற்காக இந்தச் சட்டம் தளர்வதில்லை. ஆயினும் மாமியார் வீட்டுச் சீர் என்று பட்டு வேட்டியையும் பொன் மோதிரத்தையும் அணிந்து வரும் மாப்பிள்ளைகளைக் காண்கிறோம். வெல்வெட் ஷெர்வானி ஹராம் அன்று; ஆனால் நம் ஊர் வெயிலுக்கு ஒவ்வாது. வெள்ளை உடையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொல்லியிருக்கிறார்கள். தூய வெள்ளைப் பருத்தி வேட்டியும் சட்டையும் தொப்பியும் சிறிது அத்தரும் போதும். அடுத்த வாரம் ஜும்ஆவுக்கும் அதே உடை உதவும்.

"வாழ்க்கையில் ஒருமுறைதானே!" என்று சிலர் கேட்கின்றனர். ஒருமுறை மட்டும் உடுத்திப் பீரோவில் பூட்டி வைப்பதற்கு ஏன் அவ்வளவு பணம் என்பதே நம் கேள்வி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பிற்காலத்தில் அவர்களைக் காணச் சென்றவர், 5 திர்ஹம் மதிப்புள்ள முரட்டுப் பருத்தி அங்கியை அவர்கள் அணிந்திருக்கக் கண்டார். இதை வீட்டுக்குள் அணியக்கூடத் தம் பணிப்பெண் மறுப்பதாகக் கூறிய அன்னையவர்கள், பெருமானாரின் காலத்தில் இத்தகைய அங்கி ஒன்று தம்மிடம் இருந்ததென்றும், மதீனாவில் மணக்கோலம் பூணும் பெண்கள் அதைத் தம்மிடம் இரவல் வாங்கிச் செல்வார்கள் என்றும் நினைவுகூர்ந்தார்கள். புகாரி ஷரீஃபில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. மதீனாவின் மணமகள்களுக்கு இரவல் அங்கி இழிவாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

சகோதரிகளே! உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். உங்கள் நிகாஹ் புடவை எத்தனை ஆண்டுகளாக மடிப்புக் கலையாமல் கிடக்கிறது? மடிப்பிலேயே இற்றுக் கிழிவதற்கு முன் அதை வெளியே எடுங்கள். உங்கள் முஹல்லாவில் துணிமணிக்குப் பணம் சேரவில்லை என்பதற்காக நிகாஹ் தேதி தள்ளிப்போகும் வீடு எது என்பதை நீங்கள் அறிவீர்கள். பிறர் அறியாமல் அந்தத் தாயிடம் சென்று, "இதை உடுத்தட்டும், பிறகு திருப்பித் தரலாம்" என்று கூறுங்கள். அதற்கு ஜமாஅத்தின் தீர்மானமோ சங்கத்தின் வசூலோ தேவையில்லை.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் இல்வாழ்வில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.