தீசானும் சோம்புத் தண்ணீரும்

புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது ‘தீசான்’ என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நம் சோம்புத் தண்ணீர்தான்! ஒன்று மட்டும் அவர்கள் செய்வது சரி. கொதித்த நீரை ஊற்றி மூடிவிடுவார்கள். நாமோ பாதியாகச் சுண்டவைத்து, வாசனையைத் தெருவுக்குக் கொடுத்துவிடுகிறோம். குணமே அந்த வாசனை எண்ணெயில்தான். ஒரு தேக்கரண்டி சோம்பை ஒன்றிரண்டாக இடித்து, வெந்நீர் ஊற்றி, 10 நிமிடம் மூடி வையுங்கள். சுக்கு வேண்டுமானால் கொதிக்கட்டும்.

போன வருஷம் வலது விலாவுக்குக் கீழே வலி. வாயு என்று நானே தீர்மானித்து மூன்று வாரம் இதையே குடித்தேன். ஸ்கேனில் பித்தப்பைக் கல். நம் வயதில் இரண்டு நாளில் அடங்காத வலிக்கு டம்ளரைத் தேடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

ஆபரேஷன் முடிந்தும் இரவில் சோம்புத் தண்ணீரை விடவில்லை. வீட்டு அம்மா இன்னும் கொதிக்கத்தான் வைக்கிறாள்.