பெட்டியும் பிள்ளையும்

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே அநேகர் இருக்கின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கைப்பேசியின் வழியாக இன்று வீட்டுக்குள் நுழையும் ஆட்டங்களுள் பல, பிள்ளையின் நேரத்தையும் பெற்றோரின் பணத்தையும் ஒருசேர விழுங்கி விடுகின்றன. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தால் குடும்பங்கள் நிலைகுலைந்ததைக் கண்டே தமிழகச் சட்டமன்றம் 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தடைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆளுநர் அதனைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் இது குறித்துத் தனிச் சட்டம் இயற்றியது. சட்டங்கள் தம் கடமையைச் செய்யட்டும். ஆனால், ஆட்டத்தைப் பிடுங்கிய பின் பிள்ளையின் வெறுங்கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு வீடுதான் விடை காண வேண்டும்.

எங்கள் மந்தாரக்குப்பத்தில் ஒரு குடும்பம். தகப்பனார் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், தாயின் கைப்பேசியில் ஓர் ஆட்டத்துக்காக ஐம்பதும் நூறுமாக, ஆயுதம் வாங்குகிறேன், உடை வாங்குகிறேன் என்று செலவழித்ததில் நாலாயிரம் ரூபாய் கரைந்துவிட்டது. நோன்புப் பெருநாள் துணிக்கென்று அந்தத் தாய் ஒதுக்கி வைத்திருந்த தொகை அது. "கைப்பேசியை உடைத்துப் போடுகிறேன்" என்று அத்தா கொதித்தார். சென்னையிலிருந்து வந்திருந்த தாய்மாமன் மட்டும் வேறு வழி சொன்னார்: "உடைக்க வேண்டாம் மச்சான். இவனுக்கு விளையாட்டு வேண்டுமென்றால், விளையாடும் பெட்டியை இவனே செய்யட்டும்." அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு சிறு கணினிப் பலகையை அவர் கொண்டு வந்தார்.

ராஸ்பெர்ரி பை என்பது அதன் பெயர். நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர்; சட்டைப் பையில் அடங்கிவிடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஈபன் அப்டன் என்பாரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய இப்பலகை, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. கணினி அறிவியல் பயில வரும் மாணவர்களின் எண்ணிக்கையும், அவர்கள் கொண்டுவரும் அனுபவமும் குறைந்து வருவதைக் கண்ட கவலைதான் இதற்கு வித்து. முந்தைய தலைமுறைப் பிள்ளைகள் கணினியைத் திறந்து, அதற்குக் கட்டளை எழுதிப் பழகினார்கள். பின்வந்தவர்களோ மூடிய பெட்டியைப் பயன்படுத்த மட்டுமே கற்றார்கள்.

அந்த முந்தைய தலைமுறைக் கணினிகளுள் ஒன்று, 1981-இல் வெளிவந்த பிபிசி மைக்ரோ. 1984-இல் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது, நம் நாட்டு வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்ததும் இதே கணினிதான். ராஸ்பெர்ரி பையின் முதல் வகைகளுக்கு மாடல் ஏ, மாடல் பி எனப் பெயரிட்டது அந்தப் பழைய கணினியின் நினைவாகவே. பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் நிறுவனம் பின்னர் வடிவமைத்த ஆர்ம் என்னும் செயலியின் வழித்தோன்றல்களே இன்று இப்பலகையிலும் நம் கைப்பேசிகளிலும் இயங்குகின்றன. பிள்ளையின் நேரத்தைத் தின்னும் கைப்பேசியும், பிள்ளைக்குக் கற்றுத்தர வந்த பலகையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

பலகை வந்தது, பெட்டி எப்படி இருக்க வேண்டும்? நாணயம் போட்டு நின்றபடி ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் பெரியவர்கள் பொருட்காட்சிகளில் பார்த்திருக்கலாம். ஆளுயரப் பெட்டி, சாய்ந்த திரை, அதன் கீழே துருத்தி நிற்கும் மேடையில் ஒரு பிடியும் சில வண்ணப் பொத்தான்களும். அதே உருவத்தைக் குறுக்கி மேசை மேல் வைத்துக்கொள்வது உலகெங்கும் இன்று பலருக்கும் பொழுதுபோக்காகிவிட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள பிமொரோனி என்ற நிறுவனம், 2012-இல் மக்களிடம் முன்பணம் திரட்டி, இத்தகைய பெட்டிக்கான பாகங்களைத் தொகுப்பாகவே விற்கத் தொடங்கியது. மந்தாரக்குப்பத்துப் பிள்ளைக்கு அத்தனை செலவு தேவைப்படவில்லை. கடைத்தெருத் தச்சுப் பட்டறையில் கிடந்த துண்டுப் பலகைகளே போதுமானவையாக இருந்தன.

முதற்கணக்கு அளவுக் கணக்கு. ஆறடி உயரமும் இரண்டடி அகலமும் உள்ள பெட்டியை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் உயரம் ஒன்றரை அடி, அகலம் அரை அடி, அதாவது சுமார் 15 சென்டிமீட்டர். இருபுறமும் 6 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் வைத்தால் உள்ளே 13.8 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஏழு அங்குலத் திரை இதற்குள் நுழையாது. ஐந்து அங்குலத் திரை அடங்கும். ஆகவே திரையை முதலில் கையில் வாங்கி, அளந்து, அதன் பிறகே பலகையில் ரம்பத்தை வைக்க வேண்டும். கணினிப் பலகையை உள்ளே பொருத்தும்போதும் அதன் 8.5 சென்டிமீட்டரை மட்டும் எண்ணினால் போதாது. பக்கவாட்டில் செருகும் இணைப்பு வடங்களின் தலைக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெட்டி நான்கில் ஒன்றாகச் சிறுக்கலாம். ஆடுபவரின் கை சிறுக்காது. பெரிய பெட்டிகளில் உள்ள பொத்தான்களுக்கு 30 மில்லிமீட்டர் துளை வேண்டும். அரையடி அகல மேடையில் பிடியையும் அத்தகைய நான்கு பொத்தான்களையும் வைத்தால் விரல்கள் ஒன்றோடொன்று மோதும். சிறிய பொத்தான்களைத் தேர்ந்து, மேடையைச் சற்று அதிகமாக முன்னே நீட்டுவதே வழி. முதலில் அட்டையில் வெட்டி ஒட்டி, கையை வைத்துப் பார்த்துவிட்டால் மரம் வீணாகாது.

இது புதிய யோசனையன்று. தியார்பக்கிரின் அர்துகிய அரசவையில் பணியாற்றிய இஸ்மாயீல் அல்ஜஸரீ, 1206-இல் நிறைவு செய்த தமது நூலில் ஐம்பது பொறிகளை வரைபடங்களுடன் விளக்கியிருக்கிறார். யானைக் கடிகாரம் அவற்றுள் புகழ்பெற்றது. காகிதத்தில் மாதிரி செய்து பார்ப்பதும், மரம் வளையாதிருக்கப் பலகைகளை அடுக்காக ஒட்டுவதும் அவர் கையாண்ட முறைகள். அடுக்காக ஒட்டிய பலகை என்றால் இன்றைய பிளைவுட்டின் தத்துவம்தானே! பொறி என்ன செய்யும் என்பதோடு நிற்காமல், அதை எப்படிச் செய்வது என்பதையும் எழுதி வைத்ததே அவருடைய சிறப்பு.

அடுத்தது வெப்பம். கணினிப் பலகையின் செயலி 80 பாகை செல்சியஸை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கோடையில் மூடிய பெட்டிக்குள் இது எளிதில் நேரக்கூடியது. சூடான காற்று மேலெழும் ஆதலால், அடிப்பலகையிலும் பின்புறத்தின் மேல் விளிம்பிலும் துளைகள் இட வேண்டும். துளையிட்டால் தூசி வரும். நிலக்கரிச் சுரங்கத்தின் பக்கத்தில் வாழ்பவர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொசுவலைத் துண்டு ஒன்றை உட்புறமாக ஒட்டி, மாதம் ஒருமுறை தட்டிவிடுதல் எளிய ஏற்பாடு.

மின்னிணைப்பில் கவனம் வேண்டும். பிடியின் அடியில் நான்கு திசைக்கும் நான்கு சிறு சுவிட்சுகள் உள்ளன. ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு கம்பிகள். ஒன்று பலகையின் நில முனைக்கும் மற்றொன்று அதற்குரிய ஊசி முனைக்கும் செல்லும். 2014 முதல் வந்த பெரிய வகைப் பலகைகளில் இத்தகைய நாற்பது ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. பலகைக்கு ஊட்டப்படும் மின்சாரம் 5 வோல்ட். ஆனால் பொத்தான்களின் ஊசி முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கமாட்டா. கம்பி இடம் மாறி 5 வோல்ட் ஏறினால் பலகை பழுதாகும். எனவே ஒவ்வொரு கம்பியிலும் பெயர் எழுதி ஒட்டி, பெரியவர் ஒருவர் சரிபார்த்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் முறைப்படி கணினியை நிறுத்தாமல் சட்டென்று மின்சாரத்தைத் துண்டித்தால், நினைவக அட்டையிலுள்ள பதிவுகள் சிதையக்கூடும்.

பெட்டி முடிந்து திரை ஒளிர்ந்த அன்று, அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இதுவும் விளையாட்டுத்தானே? ஒரு குழியிலிருந்து பிள்ளையைத் தூக்கி இன்னொரு குழியில் விட்டிருக்கிறோமா?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை கூற ஒரு பழைய செய்தி உதவும். 1972-இல் அமெரிக்காவின் சன்னிவேல் என்ற ஊரில், அடாரி நிறுவனம் பாங் என்னும் தன் முதல் ஆட்டப் பெட்டியைச் சோதனைக்காக ஒரு கடையில் வைத்தது. சில நாட்களில் பெட்டி பழுதாகிவிட்டதென்று அழைப்பு வந்தது. அதை வடிவமைத்த ஆல் ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தால், உள்ளே நாணயங்கள் நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தன! ஆட்டப் பெட்டி என்பது அன்றே உண்டியலாகவும் பிறந்துவிட்டது. இன்றைய கைப்பேசி ஆட்டம் அந்த உண்டியலின் பிள்ளை. நாணயத் துளை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு. மந்தாரக்குப்பத்துப் பெட்டியிலோ நாணயத் துளையே இல்லை. அது யாரிடமும் காசு கேட்காது. இணையத்தோடு இணைக்காமலும் இயங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பின்கதவை நான்கு திருகாணிகளைக் கழற்றித் திறந்து பார்க்கலாம்.

ஆயினும், அந்தத் தாயிடம் முழு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடவில்லை. காசு கேட்காத ஆட்டமும் நேரம் கேட்கும். ஆகவே பெட்டி இருக்க வேண்டிய இடம் பிள்ளையின் அறையன்று. எல்லாரும் அமரும் கூடம். நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தொழுகைக்கும் படிப்புக்கும் உரிய வேளையில் அது அணைந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, பிறர் பொருள் பற்றியது. பழைய ஆட்டங்களின் நிரல்கள் இணையத்தில் இலவசமாக இறைந்து கிடக்கின்றன. கிடக்கிறது என்பதால் நம்முடையதாகிவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ்க் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்கப்படுகிறது. உரியவர் அனுமதியின்றி எடுப்பது முறையாகாது என்பதை மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதுமில்லை. எழுதியவர்களே பொதுவில் வழங்கிய ஆட்டங்கள் உண்டு. அதைவிட மேலானது, தானே எழுதுவது. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பைத்தான் ஆகிய இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு ஆட்டத்தின் மீதுள்ள மயக்கமே வேறாகிவிடுகிறது. 1978-இல் ஜப்பானியர் தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்கள் விரைந்து பாய்வார்கள். ஆடுபவர் அதைக் கண்டு பதறுவார். உண்மையில், வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் செயலியின் சுமை குறைந்து வேகம் தானாகவே கூடியது! இதை அறிந்த பிள்ளை பதறமாட்டான். அதேபோல் ஒன்றைத் தானும் செய்ய முயல்வான்.

இத்தகைய சிறு பெட்டிகள் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கும் அவருடைய குழுவினரும், 3.8 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை முப்பரிமாண அச்சில் வார்த்து, அதற்குள் உணர்கருவிகளை அடக்கினார்கள். 64 கிராம் எடையுள்ள அந்தக் கலாம்சாட், 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் ஏறி விண்ணைத் தொட்டுத் திரும்பியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அங்கும் கேள்வி இதுவேதான்: குறுகிய பெட்டிக்குள் எதை எங்கே வைப்பது, எவ்வளவு கனத்தில் சுவர் எழுப்புவது?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகை, திரை, பொத்தான்கள் எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எல்லா வீடுகளுக்கும் இது இயலாது. நான்கு வீடுகள் சேர்ந்து ஒன்று செய்யலாம். பழைய கணினித் திரையும் விசைப்பலகையும் இருந்தால் செலவு மேலும் குறையும். அதுவும் இயலாதெனில், வீட்டில் பழுதாகிக் கிடக்கும் வானொலியைப் பிள்ளையின் கையில் ஒரு திருப்புளியோடு கொடுங்கள். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுக் கொடுங்கள்; பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.