கோட்டுக்கு வெளியே நிற்பவர்



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாமா? ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா கடைசியாகத் தங்கப் பதக்கம் வாங்கியது எந்த ஆண்டு? அப்போது கேப்டன் யார்?

1980, மாஸ்கோ. கேப்டன், வாசுதேவன் பாஸ்கரன். நம் தமிழ்நாட்டுக்காரர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். பக்கத்து வீட்டு அண்ணனிடம் 1983 உலகக் கோப்பை கிரிக்கெட் கேப்டன் யார் என்று கேட்டுப் பாருங்கள், கபில் தேவ் என்று உடனே சொல்லி விடுவார். பாஸ்கரன் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்!

அந்தத் தங்கம் எவ்வளவு பெரியது என்று புரிய, நாலு வருஷம் பின்னால் போக வேண்டும். 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு முறைகூட இந்தியா வெறுங்கையோடு திரும்பியதில்லை. 1976-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில்தான் முதல் முறையாகப் பதக்கம் கிடைக்கவில்லை. ஏழாவது இடம்! காரணங்களில் ஒன்று, தரை. அதுவரை புல்தரையில் நடந்த ஒலிம்பிக் ஹாக்கி, அந்த வருஷம் முதல் செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. புல்லில் பந்து குதிக்கும், வேகம் குறையும், திசை மாறும். அதை மட்டையால் அடக்கி, வளைத்து வளைத்துக் கொண்டு போவதில் நம்மவர்கள் மன்னர்கள். செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு நேராகப் பறக்கும். வித்தையைவிட ஓட்டமும் உடல் பலமும் அதிகம் தேவை. பழகிப் பார்க்க அப்படி ஒரு தரை நம் ஊர்களில் இல்லை. சிமென்ட் தரையில் நீச்சல் பழகிவிட்டுக் கடலில் குதித்தது மாதிரிதான்!

ஏழாவதாக வந்த அந்த அணியில் பாஸ்கரனும் இருந்தார். அடுத்த ஒலிம்பிக்கில் அவர்தான் கேப்டன்.

மாஸ்கோவில் டான்சானியாவை 18-0 என்று வென்றார்கள். கியூபாவை 13-0. போலந்தோடும் ஸ்பெயினோடும் 2-2 சமன். சோவியத் யூனியனை 4-2 என்று வென்று இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார்கள். அங்கே மறுபடியும் ஸ்பெயின். இந்தியா 3-0 என்று முன்னால் போனது. அப்புறம்தான் வயிற்றில் புளி கரைந்தது. ஸ்பெயினின் ஹுவான் அமாத் அடுத்தடுத்து கோல் போட ஆரம்பித்தார். நடுவில் நம் முகமது ஷாகித் நாலாவது கோலைப் போட்டுக் காப்பாற்றினார். அமாத் மூன்றாவதையும் போட்டார். ஆனால், முடிவு 4-3. தங்கம் நமக்கு.

"பெரிய அணிகளே வரவில்லையே, ஜெயித்தது என்ன பெரிய விஷயம்?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து எதுவும் வரவில்லை. ஆறே அணிகள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், ஆட வராதவர்களை யாரால் ஜெயிக்க முடியும்? வந்தவர்களை ஜெயித்தார்கள். எனக்கு அது போதும்.

பாஸ்கரனின் கதை அதோடு முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அவர் பயிற்சியாளர் ஆனார். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய அணியின் பயிற்சியாளர் அவர்தான். அணியில் தன்ராஜ் பிள்ளை இருந்தார். அர்ஜென்டினாவை 3-0 என்று வென்றார்கள். ஆஸ்திரேலியாவோடு அதன் சொந்த மண்ணில் 2-2 சமன். கொரியாவிடம் தோல்வி, ஸ்பெயினிடம் வெற்றி. கடைசி லீக் ஆட்டம் போலந்தோடு. ஜெயித்தால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடங்களில் போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. 1-1. அரையிறுதிக்குக் கொரியா போய் வெள்ளியும் வாங்கியது. இந்தியாவுக்கு மறுபடியும் அதே ஏழாவது இடம்.

அந்தக் கடைசி நிமிடங்களில் பாஸ்கரன் எங்கே இருந்தார்? கோட்டுக்கு வெளியே, பெஞ்சில். ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஆடி ஜெயித்த கால்கள் அவை. ஆனாலும் கோட்டைத் தாண்ட முடியாது. களைத்த வீரரை வெளியே கூப்பிட்டு வேறொருவரை அனுப்பலாம். கத்தலாம். அவ்வளவுதான். பொதுத்தேர்வு நாளில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வாத்தியாரைப் பார்த்திருக்கிறீர்களா? வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுத்த கணக்குதான், ஆனால் ஹாலுக்குள் போய்ப் பிள்ளையின் பேனாவைப் பிடித்து எழுத முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி நின்றவன் என்பதால், அந்தப் பெஞ்சு எவ்வளவு சுடும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்!

2006 உலகக் கோப்பைக்கும் அவரே பயிற்சியாளர். பன்னிரண்டு அணிகளில் பதினொன்றாவது இடம். "நல்லா ஆடினவர், ஆனா சொல்லித்தரத் தெரியலை" என்று சுலபமாகப் பேசிவிடலாம். மாஸ்கோவில் அவரோடு ஆடிய எம்.கே. கௌசிக் பயிற்சி அளித்த அணி 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. அப்படியானால் கௌசிக் கெட்டிக்காரர், பாஸ்கரன் இல்லை என்று சொல்லிவிடலாமா? சிட்னியில் அந்த ஒரு பந்து கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் என்ன பேசியிருப்போம்? யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டுப் பேசுபவர்களையும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.

மாஸ்கோவுக்குப் பிறகு நாற்பத்தொரு வருஷம் கழித்து, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் நம் ஹாக்கிக்கு மறுபடி ஒரு பதக்கம் கிடைத்தது. வெண்கலம். 2024-ல் பாரிசிலும் வெண்கலம். இரண்டிலும் கோல் கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். பாரிஸ் முடிந்ததும் ஓய்வு பெற்று, ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளரானார். 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பைக்காக அவர் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தது எங்கே தெரியுமா? நம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில்! தி.நகர்ப் பிள்ளைகள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால், லயோலா கல்லூரி பக்கத்திலுள்ள நுங்கம்பாக்கத்தைத் தாண்டி, நாலாவது ஸ்டேஷன் எழும்பூர்.

அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று பெரிய அடி. அடுத்து வெண்கலத்துக்கான ஆட்டம், அர்ஜென்டினாவோடு. இப்போதெல்லாம் ஹாக்கி பதினைந்து நிமிடம் வீதம் நாலு பகுதிகள். மூன்று பகுதிகள் முடிந்தபோது இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தது. பெஞ்சில் ஸ்ரீஜேஷ். எத்தனையோ பந்துகளைத் தடுத்த கைகள், அன்றைக்கு எதையும் தொட முடியாது. நாலாவது பகுதியில் நம் பிள்ளைகள் வரிசையாக நாலு கோல் போட்டார்கள். 4-2!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா