அபாய அறிவிப்பும் அரைப் பேரும்

இலங்கை மலையகத்து லிந்துலைத் தோட்டங்களிலே, மூடுபனி கலையுமுன், காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து மலையேறும் கொழுந்துப் பெண்களுக்குச் சிறுத்தை தூரத்து வனத்தின் அதிசயமன்று. தேயிலைச் செடியின் நிழலில் உறங்கியபடி அவர்கள் காலடியிலேயே எதிர்ப்பட்டுவிடக்கூடிய அயல் ஜீவன் அது. லயத்து நாயையும் காட்டுப்பன்றியையும் நாடி இறங்கும் அம்மிருகம், பெரும்பாலும் ஆளைக் கண்டு வெருண்ட கலவரத்திலேதான் பாய்கிறது.

ஆகையால், செயற்கை நுண்ணறிவு பொருத்திய கமராக்களை வனவிளிம்பில் நிறுத்தினால் தொல்லை தீருமென்ற அபிப்பிராயத்தை நாம் புறக்கணிக்கவில்லை. முழுமையாக ஏற்கவும் துணியவில்லை. 2024 பெப்ரவரியில், கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில், காட்டை ஊடறுக்கும் ரயில் பாதையோரம் இந்திய நாணயத்தில் 7.24 கோடி ரூபா செலவிட்டு, 12 கோபுரங்களில் உஷ்ணத்தை உணரும் கமராக்களை ஏற்றி, யானை வருவதை முன்னறிவிக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கியது மெச்சத்தக்கதே. ஆயினும் யானையின் பருமனும் பாதையின் திறந்தவெளியும் அங்கே யந்திரத்துக்குத் துணை நின்றன. நமது மலைகளிலோ, செடிக்குள் பதுங்கும் சிறுத்தை மழைநீர் படிந்த கண்ணாடிக்கு நாயாகவும், நாய் சிறுத்தையாகவும் தோன்றக்கூடும்.

நமக்கு நெருங்கிய பாடம் வால்பாறையிலே இருக்கிறது. நம்மைப் போலவே தேயிலையின் நடுவே வாழும் அவ்வூராருக்கு, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் நிறுவனத்தார் 2011 முதல் யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் தமிழிலேயே அறிவித்தும், சிவப்பு விளக்கெரித்தும் வந்தனர். யானையைக் கண்டது மனிதக் கண்ணே. ஆனால் செய்தி, போகவேண்டியவர் கைக்குப் போயிற்று. இங்கே வரும் யந்திரமும் முகாமையாளர் காரியாலயத்துத் திரையோடு நின்றுவிடாமல், பெரட்டுக்கு முன்னரே கொழுந்தெடுப்பவரை எட்டவேண்டும்.

இன்னொரு விஷயம். 2020 மே மாதம், நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில தினங்களில் மாண்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். புதருக்குள் கிடக்கும் மெல்லிய கம்பியை, மரத்தில் கட்டிய கமரா காண்பது அரிது. கவ்வாத்துக்காரரும் புல்வெட்டுவோரும் காண்பர். அவர்கள் கண்டு சொன்னால் விசாரணை தம்மீதே திரும்புமென்ற அச்சத்தைப் போக்காமல், கமராவுக்கு மட்டும் பணம் ஒதுக்குவது பிரயோஜனமற்ற ஆடம்பரம்.

யந்திரத்தின் சொல்லை நம்பி ஒரு மலையைக் கொழுந்தெடுப்புக்கு மூடுகிறோமென்று வைத்துக்கொள்வோம். வேறு மலைக்கு மாற்றப்பட்ட பெண் கொழுந்தின் அளவு குறைந்து அரைப் பேரோடு, அதாவது அரைநாட் சம்பளத்தோடு, வீடு திரும்புவாளாயின், மறுமுறை சிவப்பு விளக்கு எரிந்தாலும் அவள் அதனைக் கடந்தே செல்வாள். அவளைக் குறைகூற நமக்கு அருகதையில்லை. எனவே, வனஜீவராசிகள் திணைக்களமும் தோட்டக் கம்பெனிகளும் இத்தகைய கருவிகளுக்காக உடன்படிக்கை எழுதும்போது, அபாய அறிவிப்பால் வேலை குழம்பிய நாளுக்கும் முழுப் பேர் உண்டென்ற வாசகத்தை முதற் பிரிவாகவே சேர்க்கும்படி, இத்துறையிலுள்ள நமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.