நூலகமும் சட்டமும்

ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அதனை நடத்தும் பொருள் எங்கிருந்து வருதல் வேண்டும் என்று வினவும்பொழுதே கருத்து வேறுபாடு தோன்றுகின்றது. செல்வர் கொடையால் நடத்தலாம் என்பர் சிலர். படிப்போர் செலுத்தும் கட்டணத்தால் நடத்தலாம் என்பர் வேறு சிலர். கொடையாளர் மறைந்தால் கொடையும் மறையும். கட்டணம் விதித்தால் ஏழை மாணவன் வாயிலிலேயே நின்றுவிடுவான். ஆதலின், சட்டத்தின் துணைகொண்டு பொது வரியால் நூலகம் நடைபெறுதலே தக்கது. ஆயினும், சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அஃது எத்தகைய சட்டம் என்பதே பெரிது. இங்கிலாந்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அந்நாட்டில் வில்லியம் எவார்ட் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் பொது நூலகங்களுக்காகப் பெரிதும் முயன்றார். அவருக்குத் துணை நின்றவர் எட்வர்டு எட்வர்ட்ஸ். கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்த எட்வர்ட்ஸ், பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றியவர். நூலக வசதியில் தம் நாடு ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற்குப் பின்தங்கியிருப்பதை, 1849ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவின் முன் அவர் எடுத்துரைத்தார். மறு ஆண்டில் சட்ட முன்வரைவு வந்தபொழுது எதிர்ப்பும் எழுந்தது. சிப்தார்ப் என்னும் உறுப்பினர், தமக்குப் படிப்பதே பிடிக்காது என்றும், ஆக்ஸ்போர்டில் பயின்ற காலத்திலேயே அதனை வெறுத்ததாகவும் கூறினாராம்! அவ்வெதிர்ப்பையும் கடந்து 1850இல் சட்டம் நிறைவேறியது.

பதினாயிரம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்கள் சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரி விதித்து நூலகம் அமைக்கலாம் என்றது அச்சட்டம். ஆனால், வரி செலுத்துவோருள் வாக்களித்தவரில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். அதனினும் வியப்பு ஒன்று உண்டு. வரிப் பணத்தால் கட்டடம் எழுப்பலாம், மேசை வாங்கலாம், ஊழியருக்கு ஊதியம் அளிக்கலாம், நூல் மட்டும் வாங்கலாகாது! அடுப்பும் பாத்திரமும் வாங்கலாம், அரிசி வாங்கலாகாது என்பது போன்றதன்றோ இது? நூல்களை நன்கொடையாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று எண்ணிவிட்டனர். 1855இல் இக்குறை நீங்கியது. வரியும் ஒரு பென்னியாக உயர்ந்தது. ஆயினும், அந்த ஒரு பென்னி வரம்பு 1919 வரை நீடித்தது. வாக்கெடுப்பில் நூலகத்தை மறுத்த ஊர்களும் பல.

ஸ்காட்லாந்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் எஃகுத் தொழிலால் பெருஞ்செல்வரான ஆண்ட்ரூ கார்னகி, 2,500க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பொருள் உதவினார். ஆனால், தாம் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரார் வரிப் பணத்திலிருந்து நூலகத்திற்குச் செலவிட வேண்டும் என்று அமெரிக்க ஊர்களுக்கு நிபந்தனை விதித்தார். கொடை வள்ளலாகிய அவரே கொடையை மட்டும் நம்பவில்லை.

1964ஆம் ஆண்டுச் சட்டம், நூலகம் நடத்துதலை இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்குக் கடமையாக்கியது. விரிவும் திறமும் உடைய பணி வேண்டும் என்றதேயன்றி, அதற்கு அளவு எதுவும் கூறவில்லை. அதனால், 2010க்குப் பின் செலவைக் குறைக்கும் முயற்சியில் நூற்றுக்கணக்கான நூலகங்கள் மூடப்பட்டன. ஜப்பானின் 1950ஆம் ஆண்டு நூலகச் சட்டமோ, பொது நூலகத்தில் கட்டணம் வாங்கலாகாது எனத் தெளிவாகக் கூறுகின்றது. சட்டச் சொல் இவ்வாறு ஐயத்திற்கு இடமின்றி அமைதல் நன்று.

கணித ஆசிரியராயிருந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். இலண்டனில் நூலகக் கலை பயின்று, அந்நாட்டு நூலகங்களையும் கண்டு திரும்பினார். நம் நாட்டிற்கென மாதிரிச் சட்டம் ஒன்றை 1930இலேயே அவர் வகுத்தார். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் உருவாயிற்று. இங்கு வாக்கெடுப்பு இல்லை. நூலக வரி வீட்டு வரியுடன் சேர்ந்தே வருகின்றது. இவ்வகையில் 1850ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தினும் இது உறுதி வாய்ந்தது. எனினும், வரியைத் தண்டுவன நகராட்சியும் ஊராட்சியும். செலவிடுவது நூலக ஆணைக்குழு. தண்டிய பணம் உரிய காலத்தில் ஆணைக்குழுவைச் சேர்தல் வேண்டும். ஊதியத்தையும் வாடகையையும் நிறுத்த இயலாது. பணம் தாமதித்தால் முதலில் குறைவது புதிய நூல்களே.