ஒலுவில் கடலரிப்புக்குச் செலவழிக்க வேண்டியது யார்?



மாரி தொடங்கினால் ஒலுவில் கடலரிப்பு செய்தியாகும். எம்பிமார் வருவார்கள், படம் எடுப்பார்கள், சில டிப்பர் கல் கொட்டப்படும். அடுத்த வருஷமும் இதே கதை.

இதை இயற்கை அனர்த்தம் என்று எழுதுவதை முதலில் விடுங்கள். நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதற்குக் குறுக்கே துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். மணல் தெற்கே குவிந்தது, துறைமுக வாயையும் அடைத்தது. வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் மணல் வராமல் கரைகின்றன. தென்னந்தோட்டங்கள் போய்விட்டன. தோணி இழுத்து வைக்கவும் இடமில்லை.

டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம் அது. கடனைக் கட்டுவதும் நாம், காணியை இழந்ததும் நாம்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரம் பேணல் சட்டப்படி, கரையோர வலயத்துக்குள் கட்டிடம் கட்ட நமக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். சரி, கட்டியது அரசாங்கம் என்றால் பாதிப்புக்கான செலவை யார் தருவது? இங்கே கேட்டால் அங்கே போகச் சொல்கிறார்கள்.

கல் போடுவது தீர்வல்ல, அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். வாயில் அள்ளும் மணலை விற்காமல் வருஷாவருஷம் வடக்குக் கரையில் போட வேண்டும். அப்படிச் செய்தால் வாயைத் தோண்டக் கேட்கும் மீனவரும் அதை எதிர்க்கும் ஊராரும் மோதவும் தேவையில்லை. அந்தச் செலவு நிவாரணப் பணமல்ல, துறைமுகப் பராமரிப்புச் செலவு.

அடுத்த பட்ஜெட்டில் அதற்கென்று ஒதுக்கீடு இருக்கிறதா என்று உங்கள் எம்பியிடம் கேளுங்கள். கல் டிப்பரோடு வந்தால் அப்போதும் இதையே கேளுங்கள்.