ஆர்மோனியமும் நம்மவரும்

சங்கீதம் கேட்பதில் நம்மவர்க்கு ஆர்வக் குறைவில்லை. தாமே ஒரு வாத்தியத்தை எடுத்து ஆயுள் முழுதும் பழகுவோர்தாம் அரியர். "வித்வானாகப் போகிறாயோ?" என்னும் ஏளனமே பலரைத் தடுத்துவிடுகிறது.

ஆர்மோனியத்துக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். 1842-ல் பாரிஸில் உரிமை பெற்ற இவ்வாத்தியத்தை, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கும்படி கல்கத்தாவில் மாற்றியமைத்தனர். கமகம் இதில் பேசாதென்பது மெய்யே; தாகூரும் இதனை வெறுத்தவரே. அதற்காக அகில இந்திய வானொலி 1940-ல் இதனைத் தள்ளிவைத்தது நியாயமாகுமா? அந்நிய ஆட்சியில் பிறந்த அத்தடை 1971-ல்தான் தளர்ந்தது. சுதந்திர சர்க்கார் 24 ஆண்டுகள் அதைக் கட்டிக்காத்தது விந்தையிலும் விந்தை!

வானொலி தள்ளியதைத் தெருக்கூத்து தள்ளவில்லை. சிங்காரப்பேட்டையைச் சூழ்ந்த வட தமிழ்நாட்டில், பகலில் ஏர் பிடித்த கை இரவில் விடியுமளவும் ஆர்மோனியக் கட்டைகளில் ஓடுவதுண்டு. அவர்களை எந்தச் சபையும் வித்வான் என்றதில்லை. அதற்காக அவர்கள் பெட்டியை மூடிவிடவுமில்லை.

இன்று ஒசூர் ஆலைகளில் உழைத்துத் திரும்பும் வாலிபனுக்கு ஓய்வு நேரத்தில் கைப்பேசியன்றி வேறென்ன உண்டு? சிங்காரப்பேட்டை ஊராட்சி ஓர் ஆர்மோனியப் பெட்டி வாங்கி, வாரத்தில் இரண்டு மாலை கூத்தாசிரியர் ஒருவரைக் கொண்டு கற்பிக்க ஏற்பாடு செய்யுமா?